இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குக் கீழ்வீட்டுத் தம்பி வந்து கதவைத் தட்டினார். ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், மறு கையில் வாந்தி பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அவருடைய மகனுக்கு இரண்டு வயது. மாலையிலிருந்து நான்கு முறை வாந்தி, இரண்டு முறை தண்ணீராகப் பேதி.

“அண்ணாச்சி, இதை இந்த டம்ளரில் கலந்தால் போதுமா?” என்று கேட்டார்.

பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. டம்ளர் அதிகம் போனால் இருநூறு மில்லி பிடிக்கும். அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் சமையலறைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று இதற்கென்றே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. காய்ச்சி ஆறிய தண்ணீரை அதில் நிரப்பி, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் குலுக்கி, ஒரு தேக்கரண்டியோடு கொடுத்தேன். கூடவே நீல அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்றையும் கொடுத்தனுப்பினேன். அவர் படியிறங்கிப் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2024 டிசம்பரில் இதே போன்ற டம்ளரில் இதே பொட்டலத்தைக் கலந்தவன் நான்.

அந்த வாரம் என் மனைவி வங்கிப் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தாள். பாளையங்கோட்டை வீட்டில் நான், அத்தை, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆன மகள். புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்த மகன் செருப்பைக் கழற்றுவதற்குள் முற்றத்தில் வாந்தி எடுத்தான். மறுநாள் நாலைந்து முறை பேதி. வெள்ளிக்கிழமை காலை எழுந்து ‘தோசை வேண்டும்’ என்றான். சரியாகிவிட்டது என்று நானும் ஆலைக்குக் கிளம்பிவிட்டேன். அன்று மாலை நான்கு மணிக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது.

பெரியவனுக்கு வந்ததும் சின்னவளுக்கு வந்ததும் ஒரே நோய்தான். ஆனால் பதினெட்டுக் கிலோ உடம்பு தாங்குவதை ஒன்பது கிலோ உடம்பு தாங்குவதில்லை. அதை அன்று கண்ணால் பார்த்தேன். இரவு எட்டு மணிக்குள் ஆறு முறை வாந்தி, மூன்று முறை பேதி. வீடு முழுக்கப் புளித்த பால் வாடை. மாலையில் வீறிட்டு அழுதவள் எட்டு மணிக்கு அழவே இல்லை. என் தோளில் சாய்ந்து கிடந்தாள். அவள் அமைதியானது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ‘பாப்பா தூங்குகிறாள்’ என்று மனைவிக்குச் செய்திகூட அனுப்பினேன்.

அத்தைக்குத் தன் கணிப்பு இருந்தது. “பல் முளைக்கிற வயது, மருமகனே. அப்படித்தான் போகும். இல்லாவிட்டால் தொக்கமாக இருக்கும், தின்றது ஏதாவது உள்ளே சிக்கியிருக்கும். விடிந்ததும் டவுனுக்குப் போனால் ஒரு பாட்டி எடுத்துவிடுவாள்” என்றார். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அவர் சொன்னது அக்கறையில் சொன்னது. அவர் சொன்னபடி விடியும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

மகனுக்கு வாங்கியதில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மீதி இருந்தது. அதைக் கிழித்து டம்ளரில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். பொட்டலத்தின் முதுகில் தமிழிலேயே எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. இரண்டு கரண்டி உள்ளே போனதும் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மருந்தென்றால் துப்பத்தான் செய்வாள் என்று நினைத்து, தாடையைப் பிடித்து மூன்றாவது கரண்டியையும் ஊற்றினேன். அதுவும் வாந்தியாக வெளியே வந்தது. பயந்துபோய் ஆட்டோ பிடித்தேன்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனாள் என்பது. எங்களுக்குத் தெரியவில்லை. மதியம் அத்தை மாற்றிய டயப்பர்தான் கடைசி ஈரம் என்று யோசித்து யோசித்துச் சொன்னோம். வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். நன்றாக இருக்கும் குழந்தைக்கு அது உடனே சமமாகிவிடும். என் மகளுக்கு அந்த மடிப்பு கொஞ்சம் தயங்கித்தான் மறைந்தது. கண்கள் குழிந்திருந்தன, வாய்க்குள் விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. எடை 8.6 கிலோ. மூன்று வாரத்துக்கு முன் சளிக்குக் காட்டப் போனபோது 9.1 கிலோ. அரைக் கிலோ போய்விட்டது. அதில் பெரும்பகுதி ஒரே நாளில் வெளியேறிய நீர்.

அடுத்த கேள்வி: “வீட்டில் என்ன கொடுத்தீர்கள்? எவ்வளவு தண்ணீரில் கலந்தீர்கள்?”

ஒரு டம்ளரில் என்றேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, எத்தனை கரண்டி உள்ளே போனது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்றுதான், அதிலும் பாதி வெளியே வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே பேசினார். ஒரு லிட்டருக்கான உப்பும் சர்க்கரையும் ஒரு டம்ளரில் இறங்கினால் அது ஐந்து மடங்கு கரைசல். குடலுக்குள் போய் உடம்பிலிருக்கும் நீரையே வெளியே இழுக்கும்; பேதி கூடும். இரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்புவரை போகலாம். “சரியாகக் கலந்த கரைசல் கண்ணீரைவிட அதிகம் கரிக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்” என்றார். என் மகள் துப்பியதற்குக் காரணம் இருந்தது. எனக்குத் தெரியாதது அவள் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

நான் ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதைக் கேட்கவும் செய்தேன். மருத்துவர் மறுத்துவிட்டார். குழந்தை விழித்திருக்கிறது, விழுங்குகிறது; அதனால் வாய்வழியாகத்தான் முதலில் முயலவேண்டும், அது நடக்காவிட்டால் ஊசி என்றார். வாந்தியை அடக்க ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார். பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார்: கிலோவுக்கு 75 மில்லி, 8.6 கிலோவுக்கு 645 மில்லி, நான்கு மணி நேரத்துக்குள். “எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றினால் ஒரேயடியாக வாந்தி எடுப்பாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஆரம்பியுங்கள்.”

நான் அரிசி ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறவன். பதற்றம் வந்தால் எழுதத்தான் தோன்றும். ஒரு தேக்கரண்டி ஐந்து மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி, நான்கு மணி நேரத்தில் 600. மருத்துவர் சொன்ன அளவுக்கு நூற்றியிருபது கரண்டியும் இன்னும் கொஞ்சமும். சாலையின் மறுபக்கத்துக் கடை திறந்திருந்தது. நீல அட்டை நோட்டு அங்கே வாங்கியது.

அந்த இரவின் பக்கங்களை இன்றும் எடுத்துப் பார்ப்பேன்.

10.10 – ஆரம்பம். 10.24 – ஏழு கரண்டி. வாந்தி. 10.35 – மறுபடி. 11.05 – பதினைந்து கரண்டி, வாந்தி இல்லை. 11.20 – பேதி, தண்ணீர், இரத்தம் இல்லை. 11.50 – கரண்டியைப் பார்த்ததும் வாய் திறக்கிறாள். 12.30 – கரண்டியைப் பிடுங்கப் பார்க்கிறாள். 12.45 – அழுதாள். கண்ணீர்.

அந்தக் கடைசி வார்த்தையின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். மகள் அழுவதைப் பார்த்து நானும் அத்தையும் சிரித்தோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா எங்களை விநோதமாகப் பார்த்தார். கண்ணீர் வருகிறதென்றால் உடம்பில் செலவழிக்க நீர் இருக்கிறது என்று அர்த்தம். எட்டு மணிக்கு அவள் அமைதியாகத் தோளில் கிடந்தது தூக்கமில்லை, வற்றிப்போனது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

1.40 – சிறுநீர். டயப்பர் கனமாக இருக்கிறது.

அத்தை டயப்பரைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “நல்ல கனம்தான், மருமகனே” என்றார். இரண்டரை மணிக்கு மருத்துவர் மீண்டும் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஓர் ஊசிகூடப் போடவில்லை. நெல்லை எக்ஸ்பிரசில் வந்திறங்கிய மனைவி காலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தொட்டிலில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

வெறும் உப்பும் சர்க்கரையும் எப்படி இதைச் செய்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்த நோயைக் கொண்டுவரும் கிருமிகள் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளின் நுனியைச் சிதைத்துவிடுகின்றன. உறிஞ்சவேண்டிய இடம் குறைந்துபோகிறது; குடித்த நீர் அப்படியே வெளியேறுகிறது. ஆனால் சுவரில் ஒரு வாசல் அப்போதும் வேலை செய்கிறது. அதன் வழியே குளுக்கோசும் சோடியமும் ஜோடியாக உள்ளே போகின்றன. போகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. உப்பு மட்டும் இருந்தாலோ சர்க்கரை மட்டும் இருந்தாலோ அந்த வாசல் சரியாகத் திறக்காது. அதனால்தான் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். பொட்டலத்தில் இருப்பது இவ்வளவுதான். தண்ணீரை அளப்பது மட்டும்தான் நம் வேலை. அந்த ஒன்றைத்தான் நான் தவறவிட்டேன்.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையைத் தாண்டி வந்த அகதிகளிடம் காலரா பரவியது. மேற்கு வங்கத்து பன்காவ் முகாமில் இருந்த மருத்துவர் திலீப் மஹாலனபிஸ், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த பொட்டலங்களைக் கரைத்துக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளியின் சொந்தக்காரர்களே பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்தப் பீப்பாய்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனதில் நின்றது மருந்தைவிட அந்தச் சொந்தக்காரர்கள்தான். செவிலியர் பற்றாத முகாமில், தரையில் உட்கார்ந்து, தங்கள் அம்மாவுக்கோ பிள்ளைக்கோ இரவெல்லாம் குவளை குவளையாகப் புகட்டியவர்கள். மஹாலனபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

என் மகளுக்கு வந்தது எந்த வைரஸ் என்று எங்களுக்குத் தெரியாது. பரிசோதனை செய்யவில்லை, செய்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது என்றார் மருத்துவர். வைரசுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்பதால் அதையும் எழுதவில்லை. “ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டோமே” என்று நான் ஆதங்கத்தோடு கேட்டேன். தமிழ்நாட்டில் 2017லிருந்து அரசே இலவசமாகக் கொடுக்கும் மருந்து அது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் வாயில் விடுவார்கள். அந்த மருந்துக்கு முன்னால் ரோட்டா வைரஸ் மட்டும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகளைக் கொன்றதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மருந்து அந்த ஒரு வைரசுக்கானது, அதையும் முற்றாகத் தடுக்காது, கடுமையாகாமல் காப்பதுதான் அதன் பெரிய பலன் என்று மருத்துவர் விளக்கினார். நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ என்று வேறு வைரஸ்களும் இருக்கின்றன. சொட்டு மருந்து வீண் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். போடாமல் விட்டிருந்தால் நான் இன்னும் மோசமான இரவு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கலாம்.

என் சந்தேகம் நோரோ மீதுதான். 1968இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து நார்வாக் என்னும் ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பரவிய வாந்தியிலிருந்து வந்த பெயர் அது. எங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்தது. மிகச் சில கிருமிகளே போதும், அடுத்தவரைப் பிடித்துக்கொள்ளும். புதன்கிழமை மகனின் வாந்தியை நான் பழைய துணியால் துடைத்து, கையைத் தண்ணீரில் அலசிவிட்டு, கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசரைத் தடவிக்கொண்டேன். சுத்தமாகிவிட்டதென்று நம்பி மகளைத் தூக்கினேன். நோரோவை அந்தச் சாராயத் திரவம் சரியாகக் கொல்வதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். வாந்தி பட்ட தரையை பிளீச்சிங் கரைசலால் துடைக்கவேண்டும். குழந்தைக்குச் சரியான பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் வந்தது, திங்கட்கிழமை அத்தைக்கு.

அத்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வயிற்றைக் காயப்போடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னபோது அவர் கேட்கவில்லை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை நன்றாகக் கரைத்து வைத்துக்கொண்டு, வாந்தி நின்ற மறுவேளையே ஊட்ட ஆரம்பித்தார். மருத்துவர் சொன்னதும் அதுதான்: தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சி, இட்லி, மசித்த வாழைப்பழம், பருப்பு சாதம், குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். ஜிங்க் மாத்திரை தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் பதினான்கு நாளும் விடாமல். பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போடும் மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக்கூடக் கொடுக்கக் கூடாது.

மகனுக்குப் புதன்கிழமை நான் முதலில் வாங்கிக்கொடுத்தது பொட்டலம் அல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டேன், ஆரஞ்சு சுவையில் ஓர் அட்டைப்பெட்டிப் பானத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். இருந்தது. அவன் ஆசையாகக் குடித்தான், பேதியும் தொடர்ந்தது. பின்னால் சர்க்கரை அளவைப் படித்துப் பார்த்தபோது பொட்டலத்தில் உள்ளதைப் போலப் பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இத்தகைய பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் நான் அவருக்கு மனதார நன்றி சொன்னேன். கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட பொட்டலம் வேண்டும் என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு. ஆகவே எத்தனை மில்லி என்று பார்க்காமல் எதையும் கிழிக்காதீர்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது.

செவ்வாய் இரவு கீழ்வீட்டுத் தம்பியிடம் படியில் நின்றபடியே இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. சிலவற்றை மட்டும் நோட்டின் உள் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, துவண்டு கிடக்கிறான், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, எதைக் கொடுத்தாலும் தங்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் என்னை எழுப்பு, வண்டி இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தால் இவற்றுக்காகக்கூடக் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

என்னை எழுப்பவில்லை. ஆனாலும் இரண்டு மணிவரை கீழே விளக்கு எரிவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். என் மகளின் பக்கங்களுக்கு அடுத்த பக்கத்திலிருந்து அவருடைய எழுத்து. முதல் வரி: 11.45 – ஆரம்பம். நடுவில் இரண்டு வாந்தி, ஒரு பேதி. 1.15க்கு எதிரே ‘சிறுநீர்’ என்று எழுதி அவரும் கீழே கோடு போட்டிருந்தார். கடைசி வரி புதன்கிழமைக் காலையில் எழுதியது.

9.20 – இட்லி ஒன்று. கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.